மெஷினுக்கு மில்லிமீட்டர் தெரியாது: நேர் அச்சும் சுழல் அச்சும் அமைப்பது எப்படி

நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி போன மாதம் போன் பண்ணினார். சின்ன சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரம் வெட்டும் மெஷின்) ஒன்றை வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து பூட்டி, கரண்ட் கொடுத்திருக்கிறார். “அண்ணே, 100 மில்லிமீட்டர் போன்னு சொன்னா 400 போய் முட்டி நிக்குது. மெஷின் பழுதா?” என்றார்.

பழுது இல்லை. அவருடைய ஸ்க்ரூவில் புரிக்கும் புரிக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இருந்தது. அதை அளந்து, அந்த 2ஐ வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார். ஆனால் டி8 என்று கடையில் கொடுக்கும் அந்த ஸ்க்ரூவில் பெரும்பாலும் நான்கு புரிகள் ஒன்றோடொன்று பின்னி ஓடும். ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் நட் 2 அல்ல, 8 மில்லிமீட்டர் நகரும். 100க்கு 400 வந்த கதை அதுதான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெஷினுக்கு மில்லிமீட்டர் தெரியாது, பாகையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது மோட்டாருக்கு எத்தனை துடிப்பு அனுப்ப வேண்டும் என்பது மட்டும். ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை, ஒரு பாகைக்கு இத்தனை என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் எண்ணை அது அப்படியே நம்பிவிடும். என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ரோலர் ஓட்டும் பல்சக்கரங்களைப் பார்த்து, எது ஒரு சுற்றுச் சுற்றினால் எது எத்தனை சுற்றும் என்று விரலிலேயே எண்ணிச் சொல்லிவிடுவார். சிஎன்சிக்கும் அந்தக் கணக்குத்தான். கம்ப்யூட்டர் பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகை, கதவுப் பூவேலை, கோயில் வாகனங்களுக்குக் கடைசல் தூண் என்று வேலை வரும். கீழே உள்ள எண்கள் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் ஓடும் கட்டுப்பாட்டுப் பலகையை மனதில் வைத்து எழுதியவை. மாக்3, லினக்ஸ்சிஎன்சி போன்ற வேறு கட்டுப்பாட்டு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான், எண்ணை எழுதும் இடம்தான் வேறு.

முதலில் பெயரும் திசையும்

மெஷினுக்கு முன்னால் நின்றால் இடம் வலமாக ஓடுவது எக்ஸ், உங்களை நோக்கி வந்து போவது ஒய், மேலும் கீழும் இசட். எக்ஸைச் சுற்றிச் சுழல்வது ஏ, ஒய்யைச் சுற்றிச் சுழல்வது பி, இசட்டைச் சுற்றிச் சுழல்வது சி. மரத்தைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும் சக்கை எக்ஸுக்கு இணையாகப் படுக்க வைத்தால் அது ஏ அச்சு. சிலர் இடமில்லாமல் அதை ஒய்க்கு இணையாக வைப்பார்கள். அப்போது அது பி ஆகிறது. வெட்டும் கோப்பைத் தயாரிக்கும் சாப்ட்வேரிலும் அப்படியே சொல்ல வேண்டும்.

திசையில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். கூட்டல் குறி என்பது மரத்தை வெட்டும் பிட் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்கிறது, மேசை போகும் பக்கத்தை அல்ல. பாலம் போன்ற சட்டம் நகரும் மெஷினில் ஒய் கூட்டலை அழுத்தினால் சட்டம் உங்களை விட்டு விலகிப் போக வேண்டும். மேசை நகரும் மெஷினில் அதே பொத்தானை அழுத்தினால் மேசை உங்களை நோக்கி வர வேண்டும். மேசை உங்கள் பக்கம் வந்தால், பிட் மரத்தின் மேல் அந்தப் பக்கம் போனதாகத்தானே அர்த்தம்? இதைத் தலைகீழாக வைத்துவிட்டால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல வெட்டும். ஒரு கடைப் பலகையை நானே அப்படி வெட்டி, விறகாக்கியிருக்கிறேன்.

எனவே பிட் மாட்டாமல், ரவுட்டர் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒவ்வோர் அச்சையும் 10 மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். தப்பாகப் போனால் $3 என்ற அமைப்பில் அந்த அச்சின் திசையை மாற்றிவிடலாம். ஒய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு மோட்டார் இருந்தால், ஒன்று முன்னும் ஒன்று பின்னும் இழுக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். அப்படி இருந்தால் ஒரு மோட்டாரின் ஒரு சோடி வயரை மாற்றிக் கொடுக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வயரில் கை வைக்க வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் பெட்டிதான் டிரைவர்; ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரிலிருந்து மோட்டாரைப் பிடுங்கினால் டிரைவர் எரிந்து போகும்.

ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை

சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு ஸ்டெப்புக்கு 1.8 பாகை திரும்பும். முழுச் சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் உள்ள குட்டி சுவிட்சுகளால் அதை எட்டாகப் பிரித்து வைத்திருந்தால் 1600. இந்த 1600ஐ, ஒரு சுற்றில் அச்சு நகரும் தூரத்தால் வகுத்தால் போதும்.

டி8 ஸ்க்ரூவில் 8 மில்லிமீட்டர்: 1600ஐ 8ஆல் வகுத்தால் 200. பந்து ஸ்க்ரூவில் 1605 என்று எழுதியிருந்தால் 16 என்பது தடிப்பு, 05 என்பது ஒரு சுற்றில் போகும் தூரம்: 1600ஐ 5ஆல் வகுத்தால் 320. பல்சட்டம் என்றால் பல்சக்கரத்தின் பரிதி வேண்டும். மொடியூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 1.25, பற்கள் 20 என்றால் 1.25 × 20 × 3.1416 = 78.54 மில்லிமீட்டர். இடையில் மூன்றுக்கு ஒன்று பெல்ட் குறைப்பு இருந்தால் 4800ஐ 78.54ஆல் வகுக்க வேண்டும், 61.115 வரும். ஜிஆர்பிஎல்லில் இவை $100, $101, $102 என்ற மூன்று இடங்களில் போகின்றன, எக்ஸ், ஒய், இசட் என்ற வரிசையில். $$ என்று அடித்தால் இப்போது என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் காட்டும். எதையும் மாற்றுமுன் அந்தப் பட்டியலை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பிறகு சோதனை. நீளமான ஸ்டீல் ரூலரை மேசையில் ஒட்டி, 500 மில்லிமீட்டர் நகர்த்துங்கள். 497.5தான் போனது என்றால் பழைய எண்ணை 500ஆல் பெருக்கி 497.5ஆல் வகுங்கள். பெல்ட்டுக்கும் பல்சட்டத்துக்கும் இந்தத் திருத்தம் சரி. பந்து ஸ்க்ரூவுக்கு இதைச் செய்யாதீர்கள். ஸ்க்ரூவில் 500க்கு 2.5 குறைகிறது என்றால் கணக்கில் பிழை இல்லை, மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகு வழுக்குகிறது அல்லது மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடுகிறது. எண்ணைத் திருத்தி அதை மறைத்தால் நாளைக்கு வேறு இடத்தில் வந்து நிற்கும். 10 மில்லிமீட்டர் நகர்த்தி வெர்னியரால் அளந்து திருத்துபவர்களையும் பார்த்திருக்கிறேன். அளக்கும்போது வருகிற பிழை 50 மடங்காகப் பெருகி அரை மீட்டரில் தெரியும்.

வேகமும் எல்லையும்

$110 முதல் $112 வரை நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற உச்ச வேகம், $120 முதல் $122 வரை வேகம் எடுக்கும் விதம். குறைவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மோட்டார் கீச்சென்று கத்தி நின்றுவிடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதில் முக்கால்வாசிக்கு இறக்கி வைத்துவிடுங்கள். இசட் ரவுட்டரின் பாரத்தையே தூக்குகிறது, அதற்கு இன்னும் குறையுங்கள். மலையில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நுவரெலியா பக்கத்துக் குளிரில் காலையில் கிரீஸ் இறுகிக் கிடக்கும். பகல் வெயிலில் சோதித்த வேகம் காலை ஆறு மணிக்குச் சரிவராது. வேலைக்கு முன் எல்லா அச்சுகளையும் நாலைந்து தடவை முழு நீளம் ஓட விடுங்கள்.

ஹோமிங் என்பது அச்சுகள் தாங்களே போய்ச் சுவிட்சைத் தொட்டுத் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பது. அதற்கான சுவிட்ச் இருந்தால் $22ஐ 1 ஆக்குங்கள். முதலில் இசட் மேலே போகும், பிறகு மற்ற இரண்டும் மூலைக்குப் போகும். அதற்குப் பிறகுதான் $20 என்ற மென்பொருள் எல்லை அர்த்தப்படும், ஏனென்றால் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால்தானே எல்லை தெரியும். மேசையின் உண்மையான நீளங்களை $130 முதல் $132 வரை எழுதுங்கள். வேலை நடுவே காரணமில்லாமல் எல்லை எச்சரிக்கை வந்து நின்றால், பெரும்பாலும் சுவிட்ச் வயரும் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) வயரும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். இரண்டையும் பிரித்து ஓட்டுங்கள், சுவிட்சுக்கு உறை போட்ட வயர் போடுங்கள்.

கடைசியாக மூலைமட்டம். 400க்கு 300 செவ்வகத்தின் நான்கு மூலையிலும் மெல்லிய துளை போட்டு மூலைவிட்டங்களை அளந்தால் இரண்டும் 500 இருக்க வேண்டும். ஒன்று 501, மற்றது 499 என்றால் சட்டம் கோணலாக நிற்கிறது. மேசன் பாஸ்மார் அத்திவாரம் வெட்டும்போது கயிறு பிடித்துப் பார்க்கும் அதே மூன்று, நான்கு, ஐந்து. இதைச் சரிசெய்யாமல் சுழல் அச்சுக்குப் போகவே கூடாது.

இனிச் சுழல் அச்சு

தமிழில் அச்சு என்றால் முதலில் வண்டியின் அச்சுத்தான். அந்த வகையில் இதுதான் உண்மையான அச்சு, மற்ற மூன்றும் பெயருக்கு அச்சு என்று சொல்லத் தோன்றுகிறது. இங்கே மில்லிமீட்டரை மறந்துவிடுங்கள். கணக்கு முழுவதும் பாகையில்.

மோட்டாருக்கும் சக்குக்கும் இடையே என்ன விகிதம் என்று கையால் எண்ணிப் பாருங்கள். மோட்டார்ப் புல்லியில் ஒரு பேனாக் கோடு, சக்கில் ஒரு கோடு. சக்கை மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பினால் மோட்டார் எத்தனை தடவை சுற்றுகிறது? ஆறு என்றால் 1600 × 6 = 9600 துடிப்பு, அதை 360ஆல் வகுத்தால் 26.66667. நான்காவது அச்சையும் ஏற்கும் பலகை என்றால் இது $103இல் போகும்.

அந்தத் தசமங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் முதல் தடவை 26.6 என்று அடித்தேன். கோயில் வாகனத்துக்கு ஒரு தூண். அடிப்பாகம் சதுரம், அதன் நான்கு முகத்திலும் ஒரு தாமரை, மேலே உருண்டை. முதலில் உருண்டைப் பகுதியைச் சீவ, சக் ஒரே திசையில் 40 சுற்றுச் சுற்றியது. பிறகு பூ வெட்டப் போனது. முகத்தின் நடுவில் வர வேண்டிய தாமரை, மூலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கணக்குப் பார்த்தேன். 26.6 × 360 = 9576. சுற்றுக்கு 24 துடிப்புக் குறைகிறது, அதாவது 0.9 பாகை. நாற்பது சுற்றில் 36 பாகை. நல்ல பலாமரம் அது. நேர் அச்சில் இப்படி ஒரு சின்னப் பிழை சின்னப் பிழையாகவே இருக்கும், ஏனென்றால் மேசை ஒரு மீட்டரில் முடிந்துவிடும். சுழல் அச்சுக்கு முடிவே இல்லை, சுற்றச் சுற்றப் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஐந்து தசமமாவது எழுதுங்கள். இன்னும் நல்லது, வாங்கும்போதே ஒன்பதுக்கு ஒன்று போன்ற விகிதமாகப் பார்த்து வாங்குவது. 1600 × 9ஐ 360ஆல் வகுத்தால் 40, தசமமே இல்லை.

அடுத்து, இது சுழல் அச்சு என்று கட்டுப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும். மாக்3இல் ஏ அச்சு கோண அச்சு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் குறியிடுங்கள். லினக்ஸ்சிஎன்சியில் அமைப்புக் கோப்பில் அச்சின் வகையை நேர் என்பதிலிருந்து கோணம் என்று மாற்ற வேண்டும். இதை விட்டால் என்ன நடக்கும்? மில்லிமீட்டரில் வேலை செய்யும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு நாள் அங்குலத்தில் எழுதிய கோப்பு ஒன்று வரும். மெஷின் பாகையையும் அங்குலம் என்று நினைத்து 25.4ஆல் பெருக்கும், 90 பாகை திரும்ப வேண்டியது 2286 பாகை திரும்பும்.

மூன்று அச்சுப் பலகை மட்டும் வைத்திருப்பவர்கள் ஒய் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி அங்கே சுழல் மோட்டாரை மாட்டுவார்கள். வேலை செய்யும். அப்போது மேற்பரப்பை விரித்த தாள் போல நினைத்து மில்லிமீட்டரில் கணக்குப் போட வேண்டும்: 80 மில்லிமீட்டர் விட்டத்துக்குப் பரிதி 251.33, 9600ஐ அதனால் வகுத்தால் 38.197. விட்டம் மாறினால் எண்ணும் மாறும். ஹோமிங்கையும் மென்பொருள் எல்லையையும் அணைத்துவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இல்லாத சுவிட்சைத் தேடிச் சக் வீணாகச் சுற்றும். எனக்கு இந்த முறை பிடிக்காது, ஆனால் தொடக்கத்துக்குப் போதும்.

நடுவைப் பிடிப்பது

சுழல் அச்சில் பாதி நேரம் இதற்குத்தான் போகும், போகட்டும். சக்கின் மையக் கோடு எக்ஸுக்கு இணையாக இருக்க வேண்டும், பக்கவாட்டிலும் உயரத்திலும்.

நேரான ஸ்டீல் கம்பி ஒன்றைச் சக்குக்கும், மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்குக்கும் நடுவே பிடியுங்கள். ரவுட்டரில் டயல் கேஜை (மிகச் சிறிய அசைவையும் முள்ளில் காட்டும் கருவி) கட்டி, கம்பியின் பக்கத்தில் தொட வைத்து, எக்ஸை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டுங்கள். முள் அசையக் கூடாது. அசைந்தால் சக்கின் அடித்தட்டை மெதுவாகத் தட்டித் திருப்புங்கள். பிறகு கேஜைக் கம்பியின் மேலே வைத்து அதையே செய்யுங்கள். டெயில் ஸ்டாக் தாழ்ந்திருந்தால் அடியில் வைக்கப் பியர் டின்னை வெட்டிய தகடு நல்ல தடிப்பு.

கேஜ் இல்லையா, மரத்தாலேயே பார்க்கலாம். ஒரு மரத் தண்டை உருண்டையாகச் சீவி, இரண்டு முனையிலும் வெர்னியரால் அளந்து பாருங்கள். ஒரு முனை 40.0, மறுமுனை 40.2 என்றால் உயர வித்தியாசம் 0.1, ஏனென்றால் நீங்கள் அளந்தது விட்டம், தவறு ஆரையில்.

ஒய்யின் பூச்சியம் மையக் கோட்டில் இருக்க வேண்டும். விட்டம் தெரிந்த கம்பியின் முன்பக்கம் பிட்டைத் தொட வைத்து எண்ணைக் குறியுங்கள், பின்பக்கம் தொட வைத்துக் குறியுங்கள், இரண்டின் நடுதான் மையம். இசட்டுக்குக் கம்பியின் தலையைத் தொட்டு, அந்த இடத்தை ஆரை என்று பதியுங்கள். 20 மில்லிமீட்டர்க் கம்பி என்றால் 10. அப்போது பூச்சியம் சக்கின் மையத்தில் இருக்கும். மரத்தின் மேற்பரப்பைப் பூச்சியமாக வைக்கும் பழக்கத்தைப் பலகை வேலையோடு விட்டுவிடுங்கள். மரம் ஒழுங்கற்றது, மையம் மாறாது. சாப்ட்வேரிலும் இசட் பூச்சியம் மையத்தில் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே மேற்பரப்பு என்றும் இங்கே மையம் என்றும் இருந்தால் பிட் ஒரே இறக்காக மரத்துக்குள் இறங்கும்.

திசையையும் சரிபாருங்கள். தண்டின் மேல் தமிழில் ஒரு ‘க’ வெட்டிப் பாருங்கள். தலைகீழ்க் கண்ணாடி உருவமாக வந்தால் ஏ அச்சின் திசையை மாற்ற வேண்டும்.

பாகை வேகமும் மர வேகமும்

கோப்பில் எஃப் என்ற எழுத்து வேகத்தைச் சொல்லும். ஏ மட்டும் திரும்பும்போது எஃப் 600 என்றால் நிமிடத்துக்கு 600 பாகை. 80 மில்லிமீட்டர் தண்டின் மேற்பரப்பில் அது நிமிடத்துக்கு 419 மில்லிமீட்டர். அதே எஃப் 600, கழுத்துப் பகுதியில் 20 மில்லிமீட்டருக்கு மெலிந்த இடத்தில் 105தான். அங்கே பிட் நகராமல் உரசிக்கொண்டிருக்கும், மரம் கருகும். வேகம் சரியாக இருந்தும் கழுத்து மட்டும் கறுக்கிறது என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். இதற்கென்றே ஜி93 என்ற முறை இருக்கிறது. ஒவ்வொரு நகர்வும் எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் என்று அதில் சொல்லப்படும்: 10 மில்லிமீட்டரை நிமிடத்துக்கு 1000 வீதம் வெட்ட எஃப் 100, ஏனென்றால் ஒரு நிமிடத்தில் அப்படி நூறு நகர்வு முடியும். சாப்ட்வேரில் உங்கள் மெஷினுக்கேற்ற கோப்பை எழுதும் போஸ்ட் புரசஸர் என்ற பகுதி அதைத் தானாகவே எழுதும், உங்கள் பலகை அதை ஏற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிவில் ஜி0 ஏ0, அதாவது ஏ அச்சு வேகமாகப் பூச்சியத்துக்குப் போ, என்று இருந்தால், 40 சுற்றுச் சுற்றிய சக் அந்த நாற்பதையும் திரும்பச் சுற்றி வரும். பயப்பட வேண்டாம், பழுதல்ல. வேண்டாம் என்றால் முடிவில் ஜி92 ஏ0 என்று போட்டு, நிற்கும் இடத்தையே பூச்சியமாக்கிவிடலாம்.

கரண்ட் போனால்

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை தொடங்கினால் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நேர் அச்சுகளுக்கு அவ்வளவு கவலையில்லை. திரும்ப வந்ததும் ஹோமிங் செய்தால் பலகை தன் நினைவில் வைத்திருக்கும் ஜி54 பூச்சியத்துக்கு, அதாவது நீங்கள் வேலைக்கு வைத்த தொடக்கப் புள்ளிக்கு, மறுபடி போய்விடலாம். சுழல் அச்சுக்குப் பெரும்பாலும் ஹோமிங் சுவிட்ச் இருக்காது. சக் எந்தப் பாகையில் நின்றது என்று யாருக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது.

நான் செய்வது இது. சக்கின் விளிம்பிலும் பக்கத்தில் உள்ள அசையாத உடலிலும் கூரான கம்பியால் ஒரு மெல்லிய கோடு கீறி வைத்திருக்கிறேன். வேலை தொடங்குமுன் இரண்டு கோடும் நேராக நிற்கும்போதுதான் ஏ0 வைப்பேன். கரண்ட் போனால் பிட்டைத் தூக்க வழியில்லை, இசட்டைக் கையால் திருகி மரத்தை விட்டு எடுத்துவிடுவேன். வந்ததும் ஹோமிங், பிறகு சக்கைக் கையால் திருப்பிக் கோட்டோடு கோடு சேர்த்து ஏ0. கையில் பூதக்கண்ணாடி இருந்தால் அரைப் பாகைக்குள் கொண்டுவந்துவிடலாம். பிறகு கோப்பில் நின்ற இடத்துக்குச் சில வரி மேலிருந்து, ரவுட்டரைச் சுழல விட்டபிறகு, வேகத்தைப் பாதியாக்கித் தொடங்குவேன்.